பழப்பெட்டியை ரசிப்பது எப்படி?

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாங்கனி இறைப்பார்கள். கீழே நிற்கும் கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். ஆனியில் மாம்பழம் அரிய பண்டமில்லை, கடைத்தெருவில் கூடை கூடையாகக் கிடக்கும். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பழத்தைவிடக் கையில் பிடித்த பழம் ஒசத்தி. பிள்ளைப்பேறு வேண்டிப் பிடிக்கிறவர்களுக்கு அது பிரசாதம் என்பது முதல் காரணம். பழம் வந்து சேரும் விதம் இன்னொரு காரணம். திருவிழாவுக்கு மூலமான காரைக்கால் அம்மையார் கதையிலும் இதே கேள்விதான் வருகிறது: இரண்டாவது மாங்கனியைத் தின்ற அவர் கணவன் பரமதத்தன், ருசியை மெச்சியதோடு நிற்காமல், இது எப்படி வந்தது என்று கேட்கிறான். வீடியோ கேமில் உடைத்தால் பழம் கொட்டும் பெட்டிகளை ரசிக்க நினைப்பவர் பரமதத்தனின் கேள்வியிலிருந்து தொடங்கலாம். திரையில் வரும் பழத்தைத் தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. அது எப்படிக் கைக்கு வருகிறது என்பதில்தான் அதன் மதிப்பெல்லாம் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று, 1996-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘கிராஷ் பாண்டிகூட்’. அதை உருவாக்கிய நாட்டி டாக் நிறுவனத்தாருக்கு, வேலை பாதிக்கு மேல் முடிந்த பிறகு ஒரு குறை தெரிந்தது. காடும் கடற்கரையும் அழகாக இருந்தன, ஆனால் ஆடுபவர் செய்வதற்கு வழியில் வேலையே இல்லை. எதிரிகளைக் கூட்டலாமென்றால் அந்தக் காலத்து இயந்திரம் தாங்காது. கிராஷ் என்ற ஒரே உருவத்தை வரையவே 512 பலகோணங்கள் செலவாயின. பெட்டிக்கு ஆறு முகம் போதும். அதனால்தான் அந்த கேமில் எங்கு பார்த்தாலும் மரப்பெட்டிகள். சிக்கனத்துக்காக வந்தவை என்று சொல்லி இவற்றைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. ஆனால் அந்த மலிவுச் சரக்கை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சாதாரணப் பெட்டியை உடைத்தால் வும்பா பழம் வரும். நூறு சேர்ந்தால் ஒரு லைஃப். கோடு போட்ட பெட்டி வேறு ரகம். அதன்மேல் ஐந்து முறை குதித்தால் குதிக்கு இரண்டாகப் பத்துப் பழம். பொறுமையில்லாமல் சுழன்று அடித்தால் அந்தப் பத்து கிடைக்காது. சிவப்பு டிஎன்டி பெட்டியின் தலையில் கால் பட்டால் மூன்று நொடியில் வெடிக்கும், அதற்குள் ஓடிவிட வேண்டும். இவற்றையெல்லாம்விட நுட்பமானது ஒன்று உண்டு. பெட்டி உடைந்து பழம் தரையில் கிடக்கும்போது சுழன்றுகொண்டே அதன்மீது போனால் பழம் தெறித்துப் போய்விடும். பெட்டியை அடிக்க வேண்டும், பழத்தை நடந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வன்மைக்கும் மென்மைக்கும் நடுவே அரை நொடிதான் இடைவெளி. அந்த அரை நொடியில்தான் மொத்த ருசியும். தலைக்கு மேல் வரும் மாங்கனியைத் தட்டிவிடாமல் ஏந்தத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்தியையும் பொத்தானையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கலாம். வைக்கக் கூடாது, வைக்கவும் இல்லை. கேமில் வேண்டுதலும் கிடையாது, கொடுப்பவரின் முகமும் கிடையாது. பொருளின் விலைக்கும் பெறுவதன் இன்பத்துக்கும் சம்பந்தமில்லை என்ற ஒரே புள்ளியில்தான் இரண்டும் சேர்கின்றன. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: உள்ளே என்ன இருக்கும் என்ற ஆவலைத் தூண்டி ஆளைக் கட்டிப்போடுவது சூதாட்டம்தானே? இன்று செல்போன் கேம்களில் காசு வாங்கிக்கொண்டு திறக்கவிடும் அதிர்ஷ்டப் பெட்டிகளுக்கு இது முழுக்கப் பொருந்தும். பழைய பழப்பெட்டிக்குப் பொருந்தாது. கோடு போட்டிருந்தால் குதி, பச்சை நைட்ரோ என்றால் தொடாதே என்று தன் குணத்தை அது வெளியிலேயே எழுதி வைத்திருக்கிறது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோவில் செங்கல்லும் அப்படித்தான்: சின்ன மாரியோ முட்டினால் குலுங்கும், பெரிய மாரியோ முட்டினால் நொறுங்கும். விதி மாறுவதேயில்லை. தோற்றால் அது நம் அவசரத்தின் தோல்வி.

அடுத்து, பெட்டி இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பள்ளத்துக்கு அப்பால் தனியாக ஒரு பெட்டி இருந்தால், வடிவமைத்தவர் நம்மிடம் ஏதோ கேட்கிறார் என்று அர்த்தம். 1994-இன் ‘டாங்கி காங் கன்ட்ரி’யில் அந்தரத்தில் தொங்கும் வாழைப்பழ வரிசை, தாவ வேண்டிய திசையைக் கைகாட்டிவிடும். ஹட்சனின் ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ இன்னும் கறார்: உயிர்க்கோடு தானாகக் குறைந்துகொண்டே வரும், வழியில் பழம் தின்றால்தான் பிழைப்பு. 90-களில் டிவி கேம் கேசட்டில் அதை ஆடிய தலைமுறைக்குப் பழம் என்றால் பசி. கிராஷில் பசி இல்லை, வேறொரு கண்டிப்பு உண்டு. முதல் பாகத்தில் ஒரு லெவலின் எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறைகூடச் சாகாமல் உடைத்தால்தான் ரத்தினக்கல் கிடைக்கும். விட்டுப்போன பெட்டிகள் லெவல் முடிவில் தலைமேலேயே வந்து விழும். கிண்டல்தான், ஆனால் நியாயமான கிண்டல். என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் உடைத்தே தீருவேன் என்று ஆடுபவர் இந்த ரசனையில் பாதியை இழக்கிறார். ஆபத்தான ஒரு பெட்டியைப் பார்த்து, எடைபோட்டு, வேண்டாம் என்று தாண்டிப் போவதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

முதல் மூன்று பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு ‘என். சேன் டிரிலஜி’ என்ற பெயரில் 2017-இல் வந்தன. 2018 முதல் கணினியிலும் ஆடலாம். முதல் தடவை ரத்தினக்கல்லை மறந்துவிடுங்கள். கோடு போட்ட பெட்டி எதிர்ப்பட்டால் சுழலும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஐந்து முறை குதித்துப் பாருங்கள்.