கோழிக்கால் குடிசை

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் சூனியக்கிழவி பாபா யாகாவின் குடிசை கோழிக்கால்களில் நிற்கும். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874இல் அதை இசையாக்கினார். அந்தக் குடிசையை லெகோ கட்டைகளில் கட்டுபவருக்கு அந்தக் கால்கள்தான் பெரிய சோதனை. மேலே கனத்த வீடு, கீழே மெலிந்த இரண்டு கால்கள். பந்து மூட்டுகளை மட்டும் நம்பினால் பாரம் தாங்காமல் மடங்கிவிடும். உள்ளே லெகோவின் ‘டெக்னிக்’ வகைச் சட்டங்களைச் செருகி, விரல்களை அகல விரித்து, எடை பாதங்களுக்கு நேர்மேலே இறங்கும்படி அமைக்க வேண்டும். சுவருக்கு வரிப்பள்ளம் உள்ள பழுப்புக் கட்டைகளை அடுக்கினால் மரத்தடிகள் ஆகிவிடும். கூரையில் ஆங்காங்கே பச்சைத் துண்டுகளைச் சேர்த்தால் பாசி பிடித்துவிடும். வேலிக்கு எலும்புக்கூடு பொம்மைகளின் மண்டையோடுகள் போதும். கட்டும்போது சற்றே கோணலாகச் சாய்த்துவிடுங்கள். ஒழுங்காக நிற்கும் வீட்டில் கிழவி குடியிருக்க மாட்டாள்.