ஒரு குரல், பல கையெழுத்துகள்

ஒலிநூலைக் கேட்டுவிட்டுப் 'படித்தேன்' என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கண்ணால் படித்தாலும் காதால் கேட்டாலும் கிடைப்பது ஒரே புத்தகம்தான் என்கிறார்களே, அங்கேதான் இடறுகிறது. நாவலுக்கு இது ஓரளவு பொருந்தலாம். நடந்ததைச் சொல்லும் சாகஸ நூல்களுக்குப் பொருந்தவில்லை என்று எனக்குப் படுகிறது. ஆப்ஸ்லி செர்ரி-காரர்ட் 1922இல் வெளியிட்ட 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் த வேர்ல்ட்' நூலை முதலில் அச்சில் படித்தேன். பல வருஷங்கள் கழித்து ஒலிநூலாகக் கேட்டேன். அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஸ்காட்டின் அண்டார்டிக் பயணத்தில் (1910–13) இளையவர்களில் ஒருவர் செர்ரி. 1911 ஜூன் 27 அன்று வில்ஸன், பவர்ஸ் இருவரோடு கேப் எவன்ஸிலிருந்து கேப் க்ரோஸியருக்குக் கிளம்பினார். எம்பரர் பெங்குவின் கடுங்குளிர்காலத்தில்தான் அடைகாக்கிறது. அதன் கருவை ஆராய்ந்தால் பறவை ஊர்வனவற்றிலிருந்து வந்ததற்குத் தடயம் கிடைக்கும் என்பது வில்ஸனின் எதிர்பார்ப்பு. சூரியனே எழாத பருவம். சுமார் 67 மைல் போக 19 நாட்கள். குளிர் ஒரு நாள் பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குக் கீழே 77.5 டிகிரி வரை இறங்கியது. திரும்பி வந்தது மூன்று முட்டைகளோடு.

மேடைக் கவிதைக்கு முகம் திருப்பிக்கொண்டு, மௌன வாசிப்பின் பக்கம் நின்று வளர்ந்தது நம் சிறுபத்திரிகை. காதுக்கு இதமாக இருந்தாலே சந்தேகப்படுகிற புத்தி எனக்கும் உண்டு. இருந்தும் சொல்கிறேன்: இந்தக் குளிர்காலப் பயண அத்தியாயத்தில் ஒலிநூல் அச்சைத் தோற்கடித்துவிடுகிறது. செர்ரிக்குக் கிட்டப்பார்வை, அந்தக் குளிரில் கண்ணாடி போட வழியில்லை. ஆகவே அனுபவம் முழுக்கக் காது வழியாகத்தான் வருகிறது. காலடியில் பனித்தளம் அமுங்கி இறங்கும் ஓசை, பனிமுகடுகளுக்கு அப்பாலிருந்து பெங்குவின்கள் கூப்பிடுவது, புயலில் கல் குடிலின் கித்தான் கூரை படபடத்துக் கிழிவது, கூரை போனபின் தூக்கப் பைகளுக்குள் கிடந்தபடி வில்ஸனும் பவர்ஸும் பாடும் பாட்டு துண்டுதுண்டாக வந்து சேர்வது. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். அச்சில் படிக்க வெளிச்சம் வேண்டும். இந்த அத்தியாயத்தில் அந்த வெளிச்சமே ஒரு பொய்.

ஆனால் இங்கேயும் முழு வெற்றியில்லை. பாரம் தாங்காமல் ஒரு சறுக்குவண்டியை இழுத்துப் போய் விட்டுவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கள் காலடித் தடத்தைத் தேடித் திரும்பி வந்து மற்றதை இழுக்கிறார்கள். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடை. அச்சில் நான் இந்த இடத்தில் நின்றேன், கணக்குப் போட்டேன், முந்தைய பக்கத்துக்குப் போய் வந்தேன். குரலோ சில விநாடிகளில் கடந்துபோகிறது. கேட்பவனும் பின்னால் போகலாமே என்பார்கள். போகலாம், பொத்தானை அழுத்தி. (வேகத்தை ஒன்றரை மடங்காக்கவும் பொத்தான் உண்டு. அந்த 19 நாட்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறவர்களும் இருப்பார்கள்.)

என் முக்கியமான ஆட்சேபம் வேறு. இது ஒருவர் மட்டும் எழுதிய புத்தகம் அல்ல. ஸ்காட், வில்ஸன், பவர்ஸ், லாஷ்லி என்று பலருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் பக்கம் பக்கமாக உள்ளே கிடக்கின்றன. செர்ரி ஏன் இப்படிச் செய்தார்? 1912 மார்ச்சில் நாய்வண்டிகளோடு ஒன் டன் டெப்போவுக்குப் போய்க் காத்திருந்துவிட்டு, 10ஆம் தேதி திரும்பிவிட்டவர் அவர். துருவத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்காட், வில்ஸன், பவர்ஸ் மூவரும் அந்த டெப்போவுக்கு 11 மைல் தள்ளிக் கூடாரத்தில் செத்துப்போனார்கள். நவம்பரில் அந்தக் கூடாரத்தைக் கண்டெடுத்த குழுவில் செர்ரியும் இருந்தார். செத்தவர்களுக்குப் பதிலாகத் தான் பேச அவருக்குக் கூசியிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அவரவர் எழுதியதை அவரவர் தேதியோடு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மேற்கோள் குறியும் தேதியும் அச்சில் வெறும் அலங்காரமல்ல. இது என் வாக்கு அல்ல என்று விலகி நிற்கும் நாணயம் அது.

நான் கேட்ட பதிவில் ஒரே குரல் அத்தனை பேரையும் வாசிக்கிறது. பண்பட்ட குரல், நல்ல உச்சரிப்பு. குறையே அதுதான். செத்தவரும் பிழைத்தவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். அந்த ஆள் கடைசிவரை உயிரோடு பேசிக்கொண்டே இருக்கிறார். அதிகம் அடிபட்டது லாஷ்லி. கடற்படையில் ஸ்டோக்கராக இருந்தவர். அலங்காரம் தெரியாத, வேலைக்காரனின் வாக்கியங்கள். அதிகாரிகளின் உச்சரிப்பில் அவை வரும்போது யாரோ அவருக்கு இரவல் கோட்டு மாட்டிவிட்டதுபோல் இருக்கிறது.

1912 பிப்ரவரியில், ஸ்கர்வியில் விழுந்துவிட்ட லெப்டினன்ட் எவன்ஸோடு லாஷ்லி கூடாரத்தில் இருக்கிறார். டாம் க்ரீன் உதவி தேடித் தனியாக 35 மைல் நடந்து போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தாரா என்பது இவர்களுக்குத் தெரியாது. புத்தகத்தில் ஒரு நாளின் குறிப்பு முடிந்து அடுத்த தேதி வருகிற இடத்தில் என் கண் நெடுநேரம் நகரவில்லை. குரல் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்த தேதியைப் படித்தது.