தட்டில் ஏறாத பன்னீர்

சுருளி அருவியில் குளித்துவிட்டு வந்தால் பசி பிடுங்கும். சுருளிப்பட்டியில் நான் நுழைந்த ஓட்டலில் பரோட்டா பிரமாதம். சால்னாவில் காரத்தைத் தவிர ஒன்றுமில்லை. வெளியே வந்தால் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை! 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் சரக்கு. வருஷம் முழுக்க அறுவடை. கொட்டை உண்டுதான், ஆனால் அந்த வாசனைக்கு முன்னால் விதையில்லாத ரகமெல்லாம் வெறும் சர்க்கரைத் தண்ணீர். அத்தனையும் லாரி ஏறிப் போய்விடுகிறது. விலை சரிந்தால் பறிகூலிகூடத் தேறாது. உள்ளூர் ஓட்டலில் ஒரு ஜூஸ்கூட இல்லை. ஸ்வீடனில் இறைச்சி உருண்டைக்கே, காட்டில் பறித்த லிங்கன்பெரி ஜாமைத் தொட்டுக்கொள்ள வைக்கிறார்கள். இங்கே ஒரு திராட்சைப் பச்சடி வைத்தால் என்னவாம்? முதலாளியிடமே கேட்டேன்.

“யாருமே கேட்கலையே சார்!”