மூணே கலர் போதும்!

கொழிஞ்சாம்பாறையில் என் டிசைன் கடைப் படியேறும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “பளிச்சுன்னு இருக்கணும்மா.” கல்யாணப் பத்திரிகையோ, சிப்ஸ் கவரோ, கடை போர்டோ, ஏழு கலர் இருந்தால்தான் திருப்தி. நானும் வருஷக்கணக்கில் அப்படியே போட்டுக் கொடுத்தேன். குத்தாம்புள்ளிக்குப் போய்வந்த நாளிலிருந்து மூன்று கலரைத் தாண்டிக் கை நகர மாட்டேன் என்கிறது!

பாலக்காட்டிலிருந்து லக்கிடி போய், பாரதப்புழைப் பாலத்தைக் கடந்தால் திருவில்வாமலை. அதையொட்டி, காயத்ரிப்புழைக் கரையில் இருக்கிறது குத்தாம்புள்ளி. திருச்சூர் மாவட்டம் என்றாலும் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். கொச்சி அரச குடும்பத்துக்கு நெய்ய மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த தேவாங்கச் செட்டியார்களின் ஊர். இந்த ஊர்ச் சேலைக்கு 2011-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே ஒரு தறியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாவு முழுக்கக் கோடி நிறம். அதை வெள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்! சலவை காணாத பருத்தி நூலின் நிறம் அது. பால்மேல் படிந்த ஆடை போல ஒரு மங்கல். ஓரத்தில் கசவு என்கிற தங்க ஜரிகை. அதை ஒட்டி, விரல் அகலம்கூட இல்லாத இளம்பச்சைக் கரை. அவ்வளவுதான் சேலை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. சுத்த வெள்ளைத் துணியில் ஜரிகை கண்ணைக் குத்தும். கோடித் துணியிலோ அடங்கி மின்னுகிறது. அந்தப் பச்சை கொஞ்சம் அகலமாகியிருந்தால் கசவு தோற்றுப்போயிருக்கும்.

அங்கே பிடிபட்ட கணக்கை இன்றுவரை விடவில்லை. பத்தில் எட்டுப் பங்கு ஒரு நிறம், ஒன்றரைப் பங்கு இன்னொன்று, மிச்சம் அரைப் பங்குதான் மூன்றாவது. மூன்றையும் சமமாகப் பிரித்தால் கொடி மாதிரி ஆகிவிடும்.

முதல் சோதனை ஒரு கல்யாணப் பத்திரிகை. கசவு நிறத்தைச் சாதாரண நாலு கலர் அச்சில் கொடுத்தேன்; கடுகு அரைத்துப் பூசியது போல வந்தது! உலோக மினுக்கம் அந்த மைகளில் வராது என்று அன்றுதான் உறைத்தது. இப்போதெல்லாம் தங்கத்துக்குத் தனியாக ஃபாயில் அடித்துவிடுகிறேன். அடுத்து அத்தானின் நேந்திரங்காய் சிப்ஸ் கவர்: சந்தன நிறக் காகிதம், காப்பிக்கொட்டை நிற எழுத்து, அடியில் வாழையிலைப் பச்சையில் ஒரு கோடு. பளபளக்கும் பாக்கெட்டுகளுக்கு நடுவே அது மட்டும் தனியாகத் தெரிகிறது!

உடையிலும் இதே பைத்தியம்தான். 2018-இல் கேரள வெள்ளம் வடிந்தபின் மூணாறில் சின்னம்மா வீட்டுக்குப் போனபோது, இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி பார்த்தேன். மூடுபனிச் சாம்பல், புல்வெளிப் பச்சை, நடுவே அந்த ஊதா கலந்த நீலம். மூன்றில் ஒன்றுகூடக் கத்தவில்லை. அதே கணக்கில் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சாம்பல் பட்டு, மங்கல் பச்சை ரவிக்கை, கரையில் மட்டும் குறிஞ்சி நிறம் எடுத்தோம். “என்னடி, ஒரே இங்கிலீஷ் கலரா இருக்கு, துவைச்சு வெளுத்த மாதிரி!” என்று அம்மா முகம் சுளித்தாள். போட்டோ வந்ததும், “எனக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துடு” என்றாள்.

இரவிகுளத்தில் குறிஞ்சி இனிப் பூப்பது 2030-இல்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம், குத்தாம்புள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு செட்டு முண்டு வாங்குங்கள். ட்யூப்லைட்டுக்கு அடியில் பார்த்து முடிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள்.