குருதிப்புனலும் ஓர் ஆட்சியரின் அறிக்கையும்

1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் விளக்குகள் அணையாத அந்த இரவில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரே குடிசைக்குள் எரிந்து கருகினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவ்வூர்க் கூலி விவசாயிகள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல்.

இக்கொடுமையை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அண்மையில் அந்நாவலை மீண்டும் படித்தோம். டில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் படும் தவிப்பு, கற்றவர்களின் கையாலாகாத்தனத்தை நேர்மையாகவே காட்டுகிறது. ஆனால் பண்ணையார் கண்ணையா நாயுடுவின் வன்மத்திற்கு ஆசிரியர் தேடும் வேர், அவருடைய ஆண்மைக் குறை! இங்கேதான் நம் மனம் ஒப்பவில்லை. கொடியவன் நோயாளி என்றால், நோயற்ற நாம் நிம்மதியாக நூலை மூடிவிடலாம். பழங்கொடுமைகளைக் கற்பது புதியவற்றைத் தடுக்குமா என்று வினவுவோரிடம், எதைக் கற்கிறோம் என்று திருப்பிக் கேட்க வேண்டியுள்ளது. நாயுடுவின் உடற்குறையை நினைவில் வைத்தவன் அரைப்படி நெல்லை மறந்துவிடுவான்.

இதற்கு நேர்மாறான ஏடு ஒன்று நம் செங்கற்பட்டிலேயே பிறந்தது. 1891-இல் ஆட்சியர் திரமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர் மக்களைக் குறித்து அளித்த அறிக்கை அது. இலக்கிய நயம் தேடுவோர் ஏமாறுவர். ஆயினும் கடனும் குடியிருப்பு மனையும் ஒரு மனிதனைப் பண்ணையோடு எவ்வாறு பிணைக்கின்றன, அவன் தரிசு நிலம் கேட்டு மனுச் செய்தால் மிராசுதாரரின் முன்னுரிமை எவ்வாறு குறுக்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. அழ வைக்காத எழுத்துத்தான். ஆனால் அதனையொட்டி 1892-இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் வந்தது. பிற சாதியார்க்கு அதனை விற்கலாகாது என்ற விதியும் வந்தது.

தடுத்ததா? மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலம் பிறர் கைக்குப் போயிருந்தது. 1994-இல் அதனை மீட்க எழுந்த மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நாட்டினர், சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டு, ஜான் தாமசும் ஏழுமலையும் மாண்டனர். அறிக்கையால் குண்டைத் தடுக்க இயலவில்லை. எனினும் நூறாண்டு கழித்தும் ‘இது எங்கள் நிலம்’ என்று அம்மக்கள் சட்டம் பேச முடிந்ததே, அது நாவலால் கிட்டியதன்று.

வரும் டிசம்பரில் நம் பங்கு வாசகர் வட்டத்தில் இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்க எண்ணியுள்ளோம். நம் ஊர்ப் பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் உள்ளது என்பதே முதல் கேள்வி. கடந்த ஆண்டு நாவலுக்குக் கண்ணீர் விட்டவர்களுள் சிலர், இம்முறை வர இயலாதென்று இப்போதே சொல்லியனுப்பிவிட்டனர்.