கண்ணாடிக்குப் பின்பக்கம்

மூத்தவர்கள் இருக்க, நம் சபை மலருக்குக் கண்ணாடிப் படம் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கம். அவர்களே சொன்னதால் எழுதுகிறேன்.

சீனத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த இந்தக் கைவேலையைத் தஞ்சை மராட்டியர் காலத்தில் ராஜு ஓவியர்கள் தமதாக்கிக்கொண்ட கதை அங்கத்தினர் அறிந்ததே. தஞ்சாவூர்க் கைக்கு நகையும் திரைச்சீலையும் பிரதானம். நம் திருச்சிக் கை வேறு. துரைமார்களுக்கு அப்பிரகத் தகட்டில் சின்னச் சின்னப் படங்கள் எழுதிக் கொடுத்த ஊர் இது. நம் கோடு மெலிந்தது அந்தப் பழக்கத்தால்தான் என்பது என் கட்சி. தஞ்சாவூர்க்காரர்கள் ஒப்பமாட்டார்கள். போகட்டும்.

என் வாத்தியார் வடக்கு ஆண்டார் வீதித் திண்ணையில் உட்கார்ந்து எழுதியவர். பலகைப் படத்தில் கடைசியாகக் கண் திறக்கிறோம். கண்ணாடியிலோ பின்பக்கம் எழுதி முன்பக்கம் பார்ப்பதால், கருமணியும் நகையின் வெள்ளைப் புள்ளியும் முதலில் விழ வேண்டும். பிறகு நிழல், அதன்மேல் உடல் வண்ணம், எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்புலம். மேலே வண்ணம் ஏறிவிட்டால் அடியில் உள்ள கோட்டைத் திருத்த முடியாது. மாணவன் கோட்டை அழித்தால் அவர் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழுவி அவன் கையிலேயே திரும்பக் கொடுப்பார்.

அவர் வைத்த பரீட்சை அரங்கன். திருமுடி மேற்கே, திருவடி கிழக்கே, நோக்கு தெற்கே. சேவிக்கிறவருக்கு முடி இடப்புறம் தெரிய வேண்டும்; எழுதுகிறவனோ அதை வலப்புறம் வைத்து எழுத வேண்டும். இந்த இடத்தில் தடுமாறாதவனுக்குத்தான் சங்கு சக்கரம் எழுதக் கொடுப்பார்.

தெப்பக்குளத்தருகே லூர்து மாதா கோயில் சாளரங்களைக் காட்டவும் எங்களை அழைத்துப் போவார். அங்கே ஈயப் பட்டையில் கோத்த வண்ணக் கண்ணாடி. முகத்தின் கோடுகளைச் சூளையிலிட்டுச் சுட்டுக் கண்ணாடியோடு ஒன்றாக்கிவிடுவார்கள். இங்கிலாந்தில் ஃபேர்ஃபோர்டு என்ற சிற்றூர்க் கோயிலில் 1500ஐ ஒட்டிச் செய்த 28 சாளரங்கள் இன்றும் நிற்கின்றன. நம் வண்ணம் சுடாதது; ஈரம் பட்டால் உரியும். சுவர்ப்பக்கம் காற்றோட்டம் விட்டு மாட்டச் சொல்வார்.

இப்போது எழுதுகிறவர்களில் நல்ல கைகள் உண்டு. யாரையும் குறித்துச் சொல்லவில்லை. ஆனால் அச்சடித்த தாளைக் கண்ணாடிக்குப் பின்னே ஒட்டி, மேலே இரண்டு கல் பதித்து, கைவேலை என்று விற்பது பெருகிவிட்டது. எழுதுகிறவர்களிலும் சிலர் மாதிரிப் படத்தைத் திருப்பி வைக்காமலே கண்ணாடிக்கு அடியில் வைத்து எழுதிவிடுகிறார்கள். விளைவு, பெருமாளின் வலக்கையில் சங்கு! இடம்புரிப் பிள்ளையார் வலம்புரியாகிவிடுகிறார். வலம்புரிக்குரிய நியமத்தை வாங்கிப்போன வீட்டில் யார் அனுஷ்டிப்பது? இப்படிப்பட்ட படத்தைக் கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். குழந்தைகள் அதைக் கும்பிட்டே வளர்கிறார்கள். காவேரிக்கு அந்தண்டை அரங்கன் கிடக்க, இந்தண்டை அவன் திருமுடியைக் கிழக்கே மாற்றி வைத்து விலைபோட்டால், இந்த ஊரில் அப்புறம் எதுதான் நேராக இருக்கும்? பாலமும் கடைத்தெருவும் கச்சேரியும் கெட்டது தனித்தனியாகவா?

சபைக் கண்காட்சியில் ஒவ்வொரு படத்தையும் சட்டத்திலிருந்து கழற்றி நடுவர்கள் பின்பக்கமும் பார்க்க வேண்டும் என்று செயற்குழுவில் சொன்னேன். கழற்றி மாட்டும் கூலியை யார் கொடுப்பது என்று பொருளாளர் கேட்டார். நான் கொடுக்கிறேன், குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.