தலித் கிறித்தவ வாழ்வெழுத்தில் திருச்சபையின் சமூகப்பணி: ‘கருக்கு’, ‘சிலுவைராஜ் சரித்திரம்’, ‘கோவேறு கழுதைகள்’

ஆய்வுச் சுருக்கம்

திருச்சபையின் சமூகப்பணி குறித்த ஆய்வுகள் சாதியை அப்பணிக்கு வெளியே நிற்கும் தடையாகவே பெரும்பாலும் கருதுகின்றன. பணி நிகழும் பள்ளி, விடுதி, கன்னியர் மடம் ஆகியவற்றுக்குள்ளேயே சாதி இயங்கியதைத் தமிழ்ப் புனைவுகளும் தன்வரலாறும் காட்டுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: திருச்சபை, தலித் கிறித்தவர், தன்வரலாறு, பாமா, ராஜ் கௌதமன், இமையம்

முன்னுரை

கிறித்தவத் திருச்சபை தமிழகத்தில் ஆற்றிய சமூகப்பணியைக் கூறும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பின்பற்றுகின்றன. கல்வி, மருத்துவம், பஞ்ச நிவாரணம், பெண்கல்வி, அச்சு என்று பட்டியல் நீளும். இறுதியில் ‘எனினும் சாதி வேறுபாடு முற்றிலும் மறையவில்லை’ என்ற ஒரு தொடர் சேர்க்கப்படும். பட்டியலில் உள்ளவை உண்மையே. சாதியை ‘எனினும்’ என்ற இடைச்சொல்லுக்குள் அடக்கிவிடுவதில்தான் சிக்கல் உள்ளது. பணி ஒருபுறமும் சாதி மறுபுறமும் தனித்தனியே இருந்தன என்ற தோற்றத்தை அது ஏற்படுத்துகிறது. அத்தோற்றத்தை இலக்கியச் சான்றுகொண்டு மறுபரிசீலனை செய்வதே இங்கு நோக்கம்.

வரலாற்றுப் பின்புலம்

மதுரை மிஷனில் உயர்சாதியினருக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் தனித்தனிக் குருக்கள் பணியாற்றிய காலம் இருந்தது. சீர்திருத்தத் திருச்சபைகளில், 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். அதற்கு முன்பே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் புதிய மிஷனரிகளின் சாதி எதிர்ப்புக்கு மறுப்பு எழுதியிருந்தார். சாதிக்கு ஆதரவாகவும் எதிராகவும் திருச்சபைக்குள்ளிருந்தே குரல்கள் எழுந்தன என்பது கருதத்தக்கது.

இவ்வரலாற்றில் வடக்கன்குளம் தனியே நின்று நோக்கத்தக்கது. அங்கு 1872-இல் எழுந்த ஆலயம் ஒரே பீடமும், வேளாளருக்கு ஒன்றும் நாடாருக்கு ஒன்றுமாக இரு பிரிவுகளும் கொண்டதாக அமைந்தது. கட்டடக்கலையே சாதிக்கு உடன்பட்டுக் கொடுத்த இடம் அது. 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அத்தடுப்பு அகற்றப்பட்டது. தம் தனியுரிமை பறிபோனதாக வேளாளக் கத்தோலிக்கர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. தடுப்பை எழுப்ப இசைந்ததும் பின்னர் இடித்ததும் ஒரே திருச்சபைதான். ஆகவே ‘திருச்சபை சாதியை எதிர்த்ததா, ஏற்றதா?’ என்ற வினாவே குறையுடையது. எந்த ஊரில், எந்தக் காலத்தில், எந்தக் குரு, யாருடைய வற்புறுத்தலால் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

கருக்கு: பணியின் உள்ளிருந்து

பாமாவின் ‘கருக்கு’ (1992) இவ்வினாவை ஒரு பெண்ணின் வாழ்விலிருந்து எழுப்புகிறது. பாடத்திட்டங்களில் இந்நூல் பெரும்பாலும் வட்டார வழக்குக்கும் தலித் பெண்ணியத்துக்கும் எடுத்துக்காட்டாக வைக்கப்படுகிறது. திருச்சபை பற்றிய நூல் என்ற அளவில் அது போதுமான கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

இரு நிகழ்ச்சிகளை இணைத்து நோக்கலாம். பள்ளிச் சிறுமியான கதைசொல்லி தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தப்படுகிறாள். மீண்டும் வகுப்பில் சேரக் குருவானவரின் கடிதம் வேண்டும் என்கிறார்கள். அவரோ விசாரிக்காமலேயே, சேரியைச் சேர்ந்தவள் என்பதால் அவள் செய்திருக்கக்கூடும் என்று முடிவு கட்டுகிறார். கல்வி தந்த நிறுவனமும் அவமதித்த நிறுவனமும் இங்கு ஒன்றே. அந்தக் கடிதமின்றி அவள் பள்ளிக்குள் மீள முடியாது. உதவியின் வாயிலிலேயே அவமதிப்பு நிற்கிறது.

பின்னர் ஏழைகளுக்குப் பணிசெய்யும் விருப்பத்தோடு அவள் கன்னியர் மடத்தில் சேர்கிறாள். அங்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பயில்கிறார்கள். தலித் பிள்ளைகள் வளாகத்தைப் பெருக்குவதும் கழிப்பறை கழுவுவதுமாக உள்ளனர். சில சபைகள் தலித் பெண்களைத் துறவறத்திற்கு ஏற்பதில்லை என்பதையும் பயிற்சிக் காலத்தில் அறிகிறாள். ‘சேவை’ என்ற சொல் யார் யாருக்குச் செய்வதைக் குறிக்கிறது என்ற கேள்வி இப்பகுதியில் கூர்மை பெறுகிறது. ஏழை வறுமை ஏற்பு வாக்குறுதி கொடுத்து மடத்திற்குள் நுழைந்தால் வசதி கூடுகிறது என்ற முரணைப் பாமா சினத்தோடு எழுதுகிறார்.

பாமாவின் விமர்சனம் நாத்திகத்தின் மொழியில் அமையவில்லை. இறைவன் இரக்கமும் பொறுமையும் உள்ளவர் என்று மட்டுமே தனக்குக் கற்பிக்கப்பட்டது, ஒடுக்கப்பட்டோர் பக்கம் இயேசு நின்றதைக் கற்பிக்கவில்லை என்பதே அவர் குறை. திருச்சபையை அதன் சொந்த நற்செய்தியால் அளக்கிறார். இதில் ஒரு வரம்பும் உண்டு. கடவுளையும் நிறுவனத்தையும் தெளிவாகப் பிரித்துவிடுவதால், பணிவைப் புனிதமாக்கிய இறையியல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நூல் பாதியில் விட்டுவிடுகிறது.

இந்நூலை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். திருச்சபையைக் கடுமையாக விமர்சித்த நூல் திருச்சபை சார்ந்த ஓர் அமைப்பிலிருந்தே வந்தது. முன்னே கூறிய வடக்கன்குளத்து இரட்டைத் தன்மையின் தொடர்ச்சியாக இதைக் காணலாம்.

சான்றிதழும் கோயிலும்

ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) வேறு தொனியுடையது. பாமா சினம் கொள்ளும் இடத்தில் இவர் சிரிக்கிறார். ஞானோபதேசம், பாவசங்கீர்த்தனம், விடுதி ஒழுங்கு ஆகியவை அச்சத்தின் வழியே பிள்ளையை வடிவமைக்கும் இயந்திரமாகக் காட்டப்படுகின்றன. ஆயினும் அந்த இயந்திரத்தின் வழியேதான் சிலுவை படித்து முன்னேறுகிறான். படித்து முடித்ததும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சான்றிதழுக்காக மதம் மாற வேண்டிய நிலைக்கு அவன் வருவது நாவலின் கசப்பான நகைச்சுவை.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இவ்விரண்டும் காட்டாத அடுக்கைத் தொடுகிறது. பறையர் குடியிருப்புக்குத் துணிவெளுக்கும் வண்ணாத்தி ஆரோக்கியம், மகன் ஜோசப்பைச் சாமியாராக்க ஆசைப்பட்டு அந்தோணியார் கோயிலை நாடிச் செல்கிறாள். அவள் குடும்பத்தார் பெயர்கள் கிறித்தவப் பெயர்கள். அவர்கள் வாழ்வை ஆள்வதோ ஊர்ச்சோறும் களத்துமேட்டுத் தானியமும்தான். மகள் மேரிக்கு நேர்ந்த கொடுமையை அவள் வெளியே சொல்ல இயலாமல் விழுங்க வேண்டியிருக்கிறது. திருச்சபை இங்கு கொடுமை செய்யவில்லை. அது தொலைவில் இருக்கிறது. பணிகளைப் பட்டியலிடும் கட்டுரைகளும் எதிர்ப்பை எழுதும் கட்டுரைகளும் தவறவிடுவது இந்தத் தொலைவைத்தான்.

இலக்கியம் சான்றாகும் இடம்

இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஏற்றது. தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று திருச்சபைகள் நெடுங்காலமாக அரசிடம் கோரி வருகின்றன. 2007-இல் அறிக்கை அளித்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் அத்தகுதியை மதத்திலிருந்து விடுவிக்கப் பரிந்துரைத்தது. இக்கோரிக்கையின் அடிப்படை, மதம் மாறிய பின்னும் சாதிக் கொடுமை நீடிக்கிறது என்பதை நிறுவுவதாகும். அதை நிறுவ ‘கருக்கு’ போன்ற நூல்களைவிட வலுவான சான்று அரிது. ஆனால் அந்நூல்கள் அரசை நோக்கி மட்டும் சாட்சி சொல்வதில்லை. கடிதம் கேட்டு வந்த சிறுமியிடம் குருவானவர் பேசிய சொல்லையும் அவை பதிவுசெய்து வைத்திருக்கின்றன. அரசிடம் சாதியின் இருப்பை மெய்ப்பிக்கும் திருச்சபை அதே சான்றைத் தன் மறைமாவட்ட நிர்வாகத்திலும் குருமடச் சேர்க்கையிலும் கல்லறைத் தோட்டத்திலும் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது ஊர்தோறும் கள ஆய்வு செய்து அறிய வேண்டிய வினா. வடக்கன்குளத்திற்குக் கிடைத்ததுபோன்ற விரிவான வரலாறு பிற பங்குகளுக்கும் எழுதப்பட வேண்டியுள்ளது.